டென்த் முடிச்சுட்டு ஐடிஐயா?

வணக்கம் நேயர்களே. எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்தாச்சு, இனிமே பெங்களூர்ல ஸ்ரீராம்புரம், அல்சூர், மர்ஃபி டவுன்னு நம்மாளுங்க இருக்கற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான், பியூசில, அதாவது பிளஸ் ஒன் பிளஸ் டூல, சயின்ஸா காமர்ஸான்னு. அந்த நேரம் பாத்து ஒரு பையன் "எனக்கு ஐடிஐ போதும்மா, தொழிற்பயிற்சிப் பள்ளில சேந்து தொழில் கத்துக்கறேன்"ன்னு சொல்லிட்டா போச்சு, எல்லாரும் அவன் மார்க்ஸ் கார்டைத்தான் எட்டிப் பாப்பாங்க. மார்க் நல்லா இருந்துட்டா அது இன்னும் மோசம், இவனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போற அளவுக்குக் கவலை வந்துரும்.

நான் பீனியா தொழிற்பேட்டைல சின்னதா ஒரு மெஷின் ஷாப் வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடற சிஎன்சி மெஷின், கடைசல் புடிக்கற லேத், மில்லிங், கொஞ்சம் இரும்பைத் தேச்சுப் பொருத்தற ஃபிட்டிங். ஐடிஐ, பாலிடெக்னிக், ஜிடிடிசிங்கற அரசாங்க டூல் ரூம் பயிற்சி மையம்னு படிச்சிட்டு வர்ற பசங்கதான் நம்மகிட்ட வேலை செய்யறாங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் "ஏம்ப்பா இதை எடுத்த"ன்னு கேட்ருவேன், அது ஒரு பழக்கம்.

முதல் பதில் காசு, அதை மறைக்க வேணாம். கேஜிஎஃப் பசங்களையே எடுத்துக்குங்க, 2001ல கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினதுக்கப்புறம் அந்த ஊர்ல பெருசா வேலை இல்ல, அப்பாமாருங்க எல்லாம் விடிகாலைல ட்ரெயின் ஏறி பெங்களூர் வந்து ராத்திரி திரும்பிப் போற பொழப்பு, அந்த வீட்டுப் பையன் பியூசி ரெண்டு வருஷம், அப்புறம் இன்ஜினியரிங் நாலு வருஷம்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு நமக்கு இது தாங்காதுன்னு அவனே முடிவு பண்ணிடறான். ஐடிஐல வெல்டர்னா ஒரு வருஷம், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன்னா ரெண்டு வருஷம். அப்புறம் ஒரு கம்பெனில வேலை பழக அப்ரென்டிஸா போனா ஸ்டைபண்ட்னு மாசப்பணம் வருது, 2019ல போட்ட ரூல்ல ஐடிஐ முடிச்சவங்களுக்கு மாசம் குறைஞ்சது 7,000 ரூபான்னு வச்சாங்க. பெரிய காசு இல்லதான், ஆனா வீட்ல கை நீட்ட வேணாம்ல.

ஆனா காசு மட்டும் காரணம்னா எல்லாரும் டெலிவரி வண்டி ஓட்டப் போயிருப்பாங்க, அதுல இதைவிட சீக்கிரம் காசு பாக்கலாம். எனக்குப் புரிஞ்சது வேற. ஃபிட்டர் ட்ரேடுல சேந்த உடனே என்ன பண்ணச் சொல்வாங்க தெரியுமா, ஒரு இரும்புத் துண்டை வைஸ்ல இறுக்கி அரத்தை எடுத்துத் தேய்க்கச் சொல்வாங்க, நாள் கணக்கா. உள்ளங்கை கொப்பளிச்சுப் போகும். அப்புறம் ட்ரை ஸ்கொயர்ங்கற மூலமட்டத்தை மேல வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாக்கணும், நடுவுல கீத்தா வெளிச்சம் தெரிஞ்சா திரும்பத் தேய். போகப் போக ரெண்டு துண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரணும், அளவுல 0.04 மில்லிமீட்டர்தான் விட்டுத் தருவாங்க. ஸ்கூல்ல பத்து வருஷமா "நீ உருப்பட மாட்ட"ன்னு கேட்டுக் கேட்டு வளந்த பையன், அந்தத் துண்டு சொருகுனாப்ல உள்ள போயி நின்ன அன்னிக்கு எப்படிப் பாப்பான்னு நினைக்கிறீங்க? இதுல வாத்தியார் பாத்து மார்க் போட ஒண்ணும் இல்ல, அளவு பாக்கற வெர்னியர் சொல்றதுதான் மார்க். பசங்களுக்கு அது புடிச்சிருக்கு.

பொண்ணுங்களும் வர்றாங்க, கோபாங்கற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்னு, இப்போ சிஎன்சிக்கும். எங்க ஷாப்ல ஒரு பொண்ணு ப்ரோக்ராம் போட்டுச்சுன்னா நான் செக் பண்றதே இல்ல.

அப்பா அம்மாங்களோட பயம், இதோட படிப்பு நின்னுடுமேங்கறது. நிக்காதுங்க. ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சா டிப்ளமோ ரெண்டாவது வருஷத்துல சேரலாம், டிப்ளமோ முடிச்சவன் டிசிஇடிங்கற நுழைவுத் தேர்வு எழுதி பிஇ ரெண்டாவது வருஷத்துக்குப் போலாம். சுத்துவழிதான், ஆனா கையில வேலையோட போற வழி. ஜிடிடிசி 1972ல டென்மார்க் உதவியோட ஆரம்பிச்சது, அச்சும் கருவியும் செய்யக் கத்துத் தர்ற டூல் அண்ட் டை டிப்ளமோல கடைசி வருஷம் முழுக்க கம்பெனிலதான் இருக்கணும், அங்க படிச்ச பசங்களைத் தேடிப் புடிக்க நாங்கதான் நாயா அலையுறோம்.

ஒண்ணு மட்டும் எனக்குக் கோவம் வரும். "கைத்தொழில் ஒண்ணு கத்துக்கிட்டா கவலை இல்ல"ன்னு மேடையில பேசறவங்க எல்லாம் தன் புள்ளையை மட்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேத்துட்டு ஏழை வீட்டுப் புள்ளைங்களுக்கு இந்த அட்வைஸைக் குடுப்பாங்க. கெமிஸ்ட்ரி புடிச்ச பையனை காசு இல்லன்னு வெல்டிங்ல தள்றதும் தப்புதான், அவனுக்கு ஸ்காலர்ஷிப் என்ன இருக்குன்னு முதல்ல தேடுங்க.

சேக்கறதுன்னா ஒரு வேலை பண்ணுங்க. மத்திய அரசோட பயிற்சி இயக்குநரகம் டிஜிடியோட அங்கீகாரம் (முன்ன என்சிவிடின்னு சொல்வாங்க) இருக்கான்னு கேட்டுட்டு, நேரா ஒர்க்‌ஷாப்புக்குள்ள போங்க, ஆபீஸ் ரூம்ல காட்டற போட்டோவை நம்பாதீங்க. லேத்தோட பெட் மேல விரலை வச்சு இழுத்துப் பாருங்க. எண்ணெய் ஒட்டுனா மெஷின் ஓடுதுன்னு அர்த்தம், தூசி ஒட்டுனா அப்படியே வெளிய வந்துருங்க.

சரி, இப்போ போன்ல கேள்வி கேக்கலாம்னு சொல்றாங்க. கேளுங்க, ஆனா அப்பாவும் அம்மாவுமே பேசி முடிச்சுடாதீங்க, போனை அந்தப் பையன்கிட்டயும் கொஞ்சம் குடுங்க.