கெல்வின் பிரபு: ஜெபம், ஆய்வகம், தொழில்

(பொறையாறு வட்டாரப் பள்ளி ஒன்றின் அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தாளாளர் அவர்களே, தொடக்க ஜெபம் செய்து வாழ்த்திய ஆயர் அவர்களே, மழைக்கால வேலைகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளே, பந்தலும் ஒலிபெருக்கியும் இலவசமாகத் தந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, அன்பு மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்குத் தனி வணக்கம். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்ற பழமொழியை அழைப்பிதழின் மேலேயே அச்சிட்டவர் அவர். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

வில்லியம் தாம்சனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். கடலடித் தந்தி, கப்பல் திசைகாட்டி, பூமியின் வயது. 1824இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். 22 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இன்று கெல்வின் அளவுகோல் என்று நாம் சொல்லும் தனி வெப்பநிலை அளவுகோலை 1848இல் வகுத்தார். 1892இல் கெல்வின் பிரபு ஆனார். 1907இல் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.

காலை வகுப்பை அவர் ஜெபத்தோடுதான் தொடங்குவார். அந்த விசுவாசம் இயற்பியலுக்கு வெளியே நிற்கவில்லை. ஆற்றலைப் படைக்கவும் அழிக்கவும் படைத்தவரின் வல்லமை ஒன்றால்தான் முடியும். ஆகவே எந்திரத்தில் வீணாகும் ஆற்றல் அழியவில்லை, வேறு வடிவத்துக்கு மாறியிருக்க வேண்டும் என்று 1852ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எழுதினார். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி உருவான காலத்துக் கட்டுரை அது.

இனி 1858. அயர்லாந்தின் வாலன்ஷியாவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை அட்லாண்டிக்கின் அடியில் ஒரே தந்திக் கம்பி. அதைப் போட்ட நிறுவனத்தின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். தொழிலால் மருத்துவர். கம்பி எவ்வளவு நீளமானாலும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் செய்தி போய்விடும் என்பது அவர் கட்சி. தாம்சன் கணக்குப் போட்டுக் காட்டினார்: தண்ணீருக்குள் கிடக்கும் கம்பி ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். நீளம் இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு, தேக்குதிறனும் இரண்டு மடங்கு, ஆகவே தாமதம் நான்கு மடங்கு. தீர்வு, தடித்த செம்பு, தூய செம்பு, கெட்டியான உறை, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் கண்டுபிடிக்கும் கருவி. கேட்பார் இல்லை. கம்பி போடும் நாள் வந்ததும் வைட்ஹவுஸ் உடம்பு சரியில்லை என்று கரையில் தங்கிவிட்டார். தாம்சன் சம்பளம் வாங்காமல் கப்பலேறினார்.

ஆகஸ்ட் 5 அன்று கம்பி கரை சேர்ந்தது. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம். நியூயார்க்கில் வாணவேடிக்கை! வாலன்ஷியாவில் என்ன நடந்தது தெரியுமா? வைட்ஹவுஸின் வாங்கு கருவி வேலை செய்யவில்லை. சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியின் நகர்வால் மெல்லிய மின்னோட்டத்தைக் காட்டும் தாம்சனின் ஆடிக் கால்வனாமீட்டரில் அவர் செய்தியை வாங்கி, தன் கருவி வாங்கியதாகவே அனுப்பினார். அது போதாதென்று மின்னழுத்தத்தைக் கூட்டும் ஐந்தடி நீளத் தூண்டு சுருள்களை இணைத்துச் சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார். உறைக்குள் செம்பு பல இடங்களில் நடுவில் இல்லை; ஓரம் மெலிந்த இடத்தில் மின்சாரம் துளைத்துக் கடலுக்குள் இறங்கியது. செப்டம்பர் தொடக்கத்திலேயே கம்பி ஊமையாகிவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்று கடலடியில் தெரிந்தது.

1866 கம்பியில் செம்பு, கடல் மைலுக்கு 107 பவுண்டிலிருந்து 300 பவுண்டாக உயர்ந்தது. அது நிலைத்தது. தாம்சன், தந்திப் பொறியாளர்களான வார்லி, ஃப்ளீமிங் ஜென்கின் மூவரும் காப்புரிமைகளைச் சேர்த்துக் கூட்டுத்தொழில் செய்தார்கள். கருவிகளைக் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் வைட்டின் பட்டறை செய்தது. பேராசிரியருக்குப் பட்டறை எதற்கு என்று நினைக்கிறவர்கள் நம் ஊர் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் கூட்டத்தார், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். இதே பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். விசுவாசமும் பட்டறையும் நமக்குப் புதியவை அல்ல.

தாம்சனின் ஆய்வகம் பழைய மதுக்கிடங்கில் தொடங்கியது. இறையியல் படிக்கப் போகிற மாணவர்கள் பலரும் அங்கே கைவேலை செய்தார்கள். நம் வட்டாரத்தில் கால்வனாமீட்டர் இல்லாத பள்ளி அரிது. இருந்தும் அது அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது, செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் வெளியே வருகிறது. இந்த நிலை மாற வேண்டும். இந்த மன்றத்தின் முதல் வேலையாக ஆடிக் கால்வனாமீட்டரை மாணவர்களே செய்யட்டும்.

25 மி.மீ. பி.வி.சி. குழாயில் 3 செ.மீ. துண்டு. நடுவில் மேலே ஒரு சிறு துளை. துளையை விட்டு இருபுறமும் நூறு நூறு சுற்றாக, ஒரே திசையில், 36 கேஜ் எனாமல் செம்புக் கம்பி. மொத்தம் சுமார் 16 மீட்டர். முகப்பவுடர் டப்பாவின் மெல்லிய கண்ணாடியில் 6 மி.மீ. சில்லு. பின்புறம், காந்தத்தில் ஒரே பக்கமாகத் தேய்த்த தையல் ஊசித் துண்டு, கிடையாக. ஒட்ட ஒரு துளி நகப்பூச்சு போதும், கூடினால் பாரம். தொங்கவிட, திருபுவனம் நெசவாளர்களிடம் முறுக்கேற்றாத பட்டு கேட்டு அதிலிருந்து ஒற்றை இழை எடுங்கள். கடையில் விற்கும் நூலில் முறுக்கு இருக்கும், கண்ணாடி நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும்.

குழாயின் அச்சு கிழக்கு மேற்காக, கண்ணாடி முகம் திறந்த வாயைப் பார்த்து இருக்கட்டும். ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவர், கண்ணாடியில் பட்டுத் திரும்பி அந்தச் சுவரில் விழும்படி லேசர் ஒளி. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் ஒளி இரண்டு பாகை திரும்பும், சுவரில் மூன்றரை சென்டிமீட்டர். 1.5 வோல்ட் செல்லோடு 10 கிலோ ஓம் மின்தடை சேர்த்தால் புள்ளி ஏழு சென்டிமீட்டர் அளவு நகரும். மின்தடை இல்லாமல் இணைத்தால் ஒளி சுவரை விட்டே போய்விடும். செம்புக் கம்பியையும் இரும்புக் கம்பியையும் முறுக்கி முனையை மெழுகுவத்தியில் காட்டினாலும் புள்ளி நகரும். பிள்ளைகள் அதை விடமாட்டார்கள். நகரவே இல்லையென்றால் முதலில் முனைகளில் எனாமல் சுரண்டியாயிற்றா என்று பாருங்கள். ஆடினால் மின்விசிறி. ஒரே பக்கம் இழுத்தால் இரும்பு மேசை அல்லது கைப்பேசி. காற்றைத் தடுக்க மேலே கண்ணாடி ஊறுகாய் ஜாடி கவிழ்க்கலாம்.

திசைகாட்டியும் பூமியின் வயதும் பாக்கி இருக்கின்றன, நேரம் ஆயர் அவர்களின் நிறைவு ஜெபத்துக்கு உரியது. தாளாளர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள். அலமாரிச் சாவி வாரம் இருமுறை, ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லோருக்கும், ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் திறக்கட்டும். உடைந்த பொருளுக்கு மாணவரிடம் அபராதம் வாங்க வேண்டாம். அதற்கான செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்பார்களா என்று இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஏற்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இயற்பியல் ஆசிரியரிடம் பெயர் கொடுங்கள்.