குப்பைக்குப் போன சின்ன பாக்கெட்

[திரையில்: ஒரு பருத்திக் காயைக் கத்தியால் பிளக்கும் கை]

வெளியே பார்த்தால் காயில் ஒரு குறையும் இல்லை. பிளந்தால் உள்ளே பஞ்சு கறுத்திருக்கிறது. விதையைக் குடைந்தபடி ஓர் இளஞ்சிவப்புப் புழு. இத்தனைக்கும் இது பி.டி. பருத்தி. இந்த மாதிரிப் புழுக்களைக் கொல்லத்தான் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற ஒரு மண் பாக்டீரியாவின் நஞ்சு மரபணுவைச் செடிக்குள் வைத்தார்கள். அப்புறம் எப்படி இது பிழைத்தது?

இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. காயைக் கடித்த புழு செத்தது, மருந்தடிப்பும் குறைந்தது. ஆனால் எங்கோ ஒரு புழு அந்த நஞ்சுக்கு அசையாது. மற்றதெல்லாம் செத்தபின், தப்பியவை தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்தால் பிறப்பதெல்லாம் அசையாத புழுதான்.

[திரையில்: பி.டி. வயல், அதன் ஓரத்தில் சாதாரணப் பருத்தி வரிசைகள்]

அதற்காக வைத்த ஏற்பாடுதான் புகலிடப் பயிர். வயலோரத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி போட்டால், அதில் வளர்ந்து அந்துப்பூச்சியாகும் ஏராளமான புழுக்கள் தப்பிய ஒன்றிரண்டோடு இணைசேரும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் எதிர்ப்பு பலிக்கும் என்ற கணக்கு. ஒருவரிடமிருந்து மட்டும் வாங்கிய புழு பி.டி. செடியில் செத்துவிடும். புழுவை ஒழிக்கப் புழு வளர்க்க வேண்டும், கேட்க வேடிக்கைதான்.

450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையைத் தனிப் பாக்கெட்டில் கொடுத்தார்கள். பலர் அதை விதைக்கவே இல்லை. இரண்டு ஏக்கர்க்காரர் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடுவாரா? நட்டம் அவருக்கு, பலன் ஊருக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

2010 வாக்கில் குஜராத்தில் எதிர்ப்பு உறுதியானது. இரண்டு மரபணு வைத்த அடுத்த ரகமும் பின்னால் தோற்றது. பருத்தியின் இன்னொரு எதிரியான பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எல்லாவற்றையும் தின்னும், அதற்கு அந்த வயல்களே புகலிடம். இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பருத்தியை விட்டால் பெரிதாக வேறு போக்கிடம் இல்லை.

[திரையில்: வரைபடத்தில் யாங்சே ஆறு]

சீனாவில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. யாங்சே பள்ளத்தாக்கில் பலர் பி.டி.யும் சாதாரணமும் சேர்ந்த கலப்பினத்தின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். அதில் கால் பங்குச் செடிகளில் பி.டி. மரபணு இருக்காது. யாரும் சொல்லாமலே வயலுக்குள் புகலிடம் அமைந்தது. தலைதூக்கிய எதிர்ப்பு திரும்ப இறங்கியது.

அமெரிக்காவில் வேறு வழி. பி.டி. பருத்தியோடு, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டினார்கள். அடையாளத்துக்குத் தீனியிலேயே சிவப்புச் சாயம்! 2018-ல் அங்கே பருத்தி வயல்களில் இந்தப் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

இப்போது நம் 475 கிராம் பாக்கெட்டிலும் குறைந்தது 5 சதவீதம் சாதாரண விதை கலந்தே வருகிறது. பிரித்து எறிய முடியாது. ஆனால் இளஞ்சிவப்புப் புழுவைப் பொறுத்தவரை இது வெள்ளம் வடிந்தபின் கட்டிய அணை.

[திரையில்: வயலோரத்தில் குவிந்து கிடக்கும் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிகள்]

மிச்சமிருக்கும் வேலை இங்கே கிடக்கிறது. கடைசி எடுப்பு முடிந்தும் மாரில் ஒட்டியிருக்கும் இந்தச் சொத்தைக் காய்க்குள்தான் புழு அடுத்த பருவம்வரை தூங்கும்.