ஏரிக்கரையில் நடுவதற்கு முன் பிடுங்க வேண்டியது

(காட்சி: ஊசுட்டேரிக் கரை, காலை நேரம். நீர் வற்றிய விளிம்பில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்களுடன் ஒரு புதர்.)

புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலுமாக ஏறத்தாழ 800 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி, 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதுபோன்ற நீர்நிலைகளில் நாட்டுத் தாவரங்களை மீட்க முன்வரும் தன்னார்வலர்கள் வனத்துறையின் அனுமதியைப் பெற்ற பின்பே மண்வெட்டியைத் தொட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும், முதல் வேலை நடுவது அன்று.

திரையில் தெரியும் புதரின் பெயர் நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில் பக்கத்து மாவட்டத்து ஊர் இருந்தாலும் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பெயரில் ஆமணக்கு இருந்தாலும் இது சர்க்கரைவள்ளியின் உறவு என்பதைப் புனல் போன்ற பூவே காட்டிக்கொடுத்துவிடும். இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடுகள் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. வேலிக்கு உகந்ததென்று மக்கள் இதை விரும்பி நட்டதற்கும், பிறகு இது ஏரிக்குள் தடையின்றிப் பரவியதற்கும் அதுவே காரணம்.

(காட்சி: ஈரச் சேற்றில் கிடக்கும் ஒரு முழத் தண்டு. கேமரா அதன் கணுவை நெருங்குகிறது.)

வெட்டி எறிந்த தண்டின் கணுவிலிருந்து வெள்ளை வேர்கள் சேற்றுக்குள் இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். அரிவாளால் நறுக்கி நீரோரத்திலேயே போட்டுவிட்டுச் செல்பவர்கள், ஒரு புதரை அழிப்பதாக நினைத்துக்கொண்டு பத்துப் புதருக்கு நாற்று விடுகிறார்கள். ஆகவே, கோடையில் நீர் இறங்கிய நாட்களில் கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுத்து, கரைமேல் ஏற்றி, ஈரமண்ணில் படாமல் சருகாகும்வரை காயவிட வேண்டும். நீரில் மிதந்து பரவும் மற்றொரு களையான ஆகாயத்தாமரையின் விதைகளோ சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கக்கூடியவை என்பதால், ஒருமுறை அள்ளிய இடத்துக்கு மறுபடியும் வந்தே ஆக வேண்டும்.

(காட்சி: ஏரியின் குறுக்குவெட்டு வரைபடம்.)

நடவில் நீர்மட்டமே வழிகாட்டி. நீர் ஏறி இறங்கும் விளிம்பு கோரைக்கும் நாணலுக்கும் உரியது; அதற்கு மேலே, கரையின் அடிவாரத்தில், ஈரத்தைத் தாங்கும் நீர்மருதும் நீர்க்கடம்பும் புங்கனும் நிற்கலாம். திறந்த நீர்ப்பரப்பிலும் புல்வெளியிலும் மரமே வேண்டாம். மரக்கன்று நடும் விழாவில் எண்ணிக்கைக்கு இருக்கும் மதிப்பு, வெற்றிடம் போலத் தோன்றும் அந்தப் புல்வெளிக்கு இருப்பதில்லை. ஆனால் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி போன்ற நீர்ப்பறவைகள் அங்கேயும் இரை தேடுகின்றன.

(காட்சி: கரையின் வெளிச்சரிவு. குழியில் ஒரு பனங்கொட்டை.)

கரையின் வெளிச்சரிவில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பனை விதைக்கலாம். பனங்கொட்டை முதலில் மேல்நோக்கி முளைக்காமல் கீழ்நோக்கி இறங்குகிறது. பொங்கல் சமயத்தில் நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அவ்வாறு மண்ணுக்குள் உருவாவதே. இலை வெளியே தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும் என்பதால், விதை பழுதென்று முடிவுகட்டி அதே இடத்தை மறுபடி தோண்டிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. விதைத்த ஒவ்வொரு குழியின் அருகிலும் ஒரு கல்லையோ குச்சியையோ அடையாளமாக நட்டு, அடுத்த கோடையில் காட்டாமணக்கைத் தேடி வருபவர்கள் அங்கே கடப்பாரை போடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.