மருந்தை அறுக்கும் நொதிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீர்த் தொற்றுக்காக ஒருவர் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கும்போது, அந்த மருந்து நோயுள்ள இடத்துக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களையும் அது தாக்குகிறது. நோய் தந்த கிருமியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். குடலில் சாதுவாக வாழும் பாக்டீரியாக்கள் சுரக்கும் என்சைம்கள் என்னும் நொதிகளும் அதே அளவு கவலைக்குரியவை என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பெனிசிலின் மூலக்கூறின் நடுவே பீட்டா லாக்டம் வளையம் எனப்படும், நான்கு அணுக்களாலான சிறு வளையம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் புரதங்கள் இந்த மருந்தைச் சுவருக்கான மூலப்பொருள் என்றே கொண்டு பற்றிக்கொள்கின்றன. பற்றிய பிறகு அவற்றால் விடுபட முடிவதில்லை. சுவர் வேலை நின்றுபோக, பாக்டீரியா வெடித்து மடிகிறது. பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியோ, நீர் மூலக்கூறு ஒன்றைக் கொண்டு அந்த வளையத்தின் ஒரே ஒரு பிணைப்பை அறுக்கிறது. அவ்வளவுதான், மருந்து செயலற்றுப் போகிறது. அறுத்த நொதிக்கு ஒரு சேதமும் இல்லை. உடனே அடுத்த மூலக்கூறைப் பிடிக்கிறது. திறன்மிக்க நொதி மூலக்கூறு ஒன்று ஒரே நொடியில் ஆயிரம் பெனிசிலின் மூலக்கூறுகளைக்கூட உடைத்துவிடும். குடலில் வாழும் ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் இந்த நொதியைத் தம் இரண்டு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய வெளியில் நிறைத்து வைத்திருப்பதால், உள்ளே நுழையும் மருந்து தன் இலக்கை அடையும் முன்பே அழிகிறது.

இந்த நொதி நம் மருந்துகளுக்குப் பிறகு தோன்றியதன்று. பெனிசிலின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, 1940இல், ஆபிரகாம், செயின் என்னும் ஆய்வாளர்கள் பாக்டீரியாச் சாற்றில் பெனிசிலினை அழிக்கும் நொதியைக் கண்டு எழுதினர். இருந்த நொதியைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது நம் மருந்துப் பழக்கம். மருந்து வந்து மற்றவற்றைக் கொன்றபோதெல்லாம், நொதி வைத்திருந்தவை மிஞ்சி, காலியான இடத்தில் பெருகின. வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் உண்பது ஏன் இத்தனை பெரிய தவறு என்பது இங்கேதான் விளங்குகிறது: சளிக்கு அதனால் துளியும் பயனில்லை, குடலிலோ இந்தத் தேர்வு நடந்தே தீர்கிறது.

இன்னொரு சிக்கல் பிளாஸ்மிட். இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பல, குரோமோசோமுக்கு வெளியே பிளாஸ்மிட் என்னும் தனி வட்ட டி.என்.ஏ.வில் அமர்ந்திருப்பதால், ஒரு பாக்டீரியா அதன் நகலை வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும். சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்கும் ஈ. கோலைக்கும் இடையே பல மருந்துகளுக்கான எதிர்ப்புத்திறன் ஒருசேரக் கைமாறுவதை 1950களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நெருக்கமும் ஊட்டமும் மிகுந்த குடல் இந்தப் பரிமாற்றத்துக்கு மிகவும் ஏற்ற இடம். இதுபோக, பாக்டீராய்ட்ஸ் போன்ற குடல்வாசிகள் சுரக்கும் நொதி சுற்றியுள்ள மருந்தையும் கரைத்துவிடுவதால், எதிர்ப்புத்திறனே இல்லாத கிருமியும் அந்த நிழலில் பிழைத்துக்கொள்கிறது. ஆய்வகத் தட்டில் தனியாக வளர்த்துச் சோதித்தால் இந்த உதவி கண்ணில் படாது.

நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலத்தை, பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலினுடன் சேர்த்துத் தருவது நல்ல பலன் தந்தது. ஆனால் பீட்டா லாக்டம் வளையம் கொண்ட வேறு மருந்துகளான செஃபலோஸ்போரின்களையும் உடைக்கும் நொதிகள் 1980களில் பரவத் தொடங்கின. அதே வளையம் கொண்ட, கடைசிக் கட்டத்துக்கென வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே அறுக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி 2009இல் விவரிக்கப்பட்டது. துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் இந்த நொதியை கிளாவுலானிக் அமிலமும், அதைப்போல் நொதிகளை முடக்கும் அவிபாக்டமும் தடுப்பதில்லை. பீட்டா லாக்டம் மருந்துகளில் அஸ்ட்ரியோனாம் என்பதை மட்டும் அதனால் உடைக்க இயலாது. ஆனால் என்.டி.எம்-1 உடன் பெரும்பாலும் சேர்ந்தே வரும் பிற நொதிகள் அஸ்ட்ரியோனாமை உடைத்துவிடுகின்றன. அந்தப் பிற நொதிகளை முடக்க அவிபாக்டமை அஸ்ட்ரியோனாமோடு சேர்த்த கூட்டு மருந்துக்கு 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தது. வேறு வழி அதிகமில்லாத நோயாளிகளுக்கு அது இன்று கையில் இருக்கிறது.