கூறும் கொசுறும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில், மலாவி எல்லைக்கு அருகிலுள்ள சிப்பாட்டா நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், உழவுத் தொழில் செய்யும் பெண்களின் குழுவோடு நான் தன்னார்வலராகப் பணியாற்றினேன். அவர்கள் விளைவித்ததை விற்கச் சந்தைக்குச் சென்றபோது கற்றுக்கொண்டதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அங்கே மழைக்காலம் ஒன்றுதான். நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓய்ந்துவிடும். மக்காச்சோளமும் நிலக்கடலையும் அந்த மழையை நம்பியே விளைகின்றன. கோடையில் கைகொடுப்பவை 'தம்போ' எனப்படும் ஈரம் வற்றாத பள்ள நிலங்கள். அங்கே பயிராகும் தக்காளியையும் கீரையையும் கூடைகளில் அடுக்கி, மிதிவண்டியில் கட்டி, விடியும் முன்பே கபாட்டா சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

அவர்கள் தக்காளியை நிறுத்து விற்பதில்லை; கூறு கட்டி விற்கிறார்கள். இதனால் நட்டம் ஏற்படுமென்று எண்ணிய நான், ஒரு தராசு வாங்கித் தந்து அதையே பயன்படுத்துமாறு வற்புறுத்தினேன். குழுவில் மூத்தவரான ஒரு தாய் எனக்குப் பொறுமையாக விளக்கினார். வாங்க வருபவர் அன்றிரவு 'ன்ஷிமா' என்ற சோளக் களிக்குத் தொட்டுக்கொள்ளத் தேவையான அளவுக்குத்தான் காசு கொண்டுவருகிறார். எடை போட்டால் வரும் உதிரிக் கணக்குக்குச் சில்லறை இருவரிடமும் இருப்பதில்லை. அதனால் கூறின் விலையை மாற்றாமல், வரத்து மிகுந்த நாளில் கூறைப் பெரிதாக்கி, குறைந்த நாளில் சிறிதாக்கிக் கொள்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றிரண்டு பழங்களைக் கொசுறாகக் கொடுக்கிறார்கள். அதை அங்கே 'ம்பசேலா' என்பர். அந்தக் கொசுறுதான் வாடிக்கையாளரை மறுநாளும் அதே கடைக்கு அழைத்துவருகிறது. விலையை இவ்வளவு நுட்பமாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கு விற்பனை கற்றுத்தர முனைந்தது என் தவறு என்பதை அன்றே உணர்ந்தேன்.

ஆனால் மக்காச்சோளத்தின் கதை வேறு. அறுவடை முடிந்ததும், மருத்துவச் செலவுக்கோ பள்ளிச் செலவுக்கோ உடனே பணம் வேண்டியிருப்பவர்களால் அரசுக் கொள்முதல் தொடங்கும்வரை காத்திருக்க முடிவதில்லை. அந்த வேளையில் வெளியூர் வியாபாரிகள் தங்கள் வாளியோடு வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்கள். வாளி அவர்களுடையது, அதைக் கோபுரமாகக் குவித்து அளப்பதும் அவர்களே. ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம், தான் விற்பது எத்தனை கிலோ என்று தெரியாமலே விற்பதைப் பார்த்து என் மனம் மிகவும் வருந்தியது. களையெடுப்பு நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வீட்டுக் குதிர் காலியாகி, அதே சோளத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கவேண்டிய நிலை வரும்போது அந்த இழப்பின் அளவு தெரியும்.

சந்தையில் பயன்படாத அந்தத் தராசைப் பெண்கள் தங்கள் குழுத்தலைவியின் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த அறுவடையில், வியாபாரி வருமுன்பே ஒவ்வொரு மூட்டையும் அங்கே ஐம்பது கிலோவாக நிறுக்கப்பட்டு, வாய் தைக்கப்பட்டு, சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தது. மூட்டையைப் பிரித்து வாளியால் அளக்க வேண்டுமென்று கேட்டவரிடம், தைத்த மூட்டையைப் பிரிப்பதில்லை என்று அந்த மூத்த தாய் சொல்லிவிட்டார்.