சோத்துக்காக வெளிநாட்டில் நிலம் வாங்கிய குட்டி நாடு!

[கையில் ஒரு சேப்பங்கிழங்கு]

இன்று காலை மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கியது. "வறுக்கவா, குழம்புக்கா தம்பி?" என்று கேட்டு அக்கா பொறுக்கிப் போட்டார். இதற்கு ஒரு ராட்சத அண்ணன் உண்டு, பெயர் பாபாய். அவன் வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்த கதைதான் இந்த வீடியோ.

ஊர் கிரிபாட்டி, பசிபிக் நடுவில். எழுதுவது அப்படி, வாசிப்பது 'கிரிபாஸ்', ஏன் என்று கேட்காதீர்கள், நாம் மட்டும் 'கோழிக்கோடு' என்பதை ஊருக்கு ஒரு மாதிரியா சொல்கிறோம்? 33 தீவுகள், பெரும்பாலும் கடலுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான்.

ஆறு கிடையாது, மண்ணும் வெறும் பவளச் சுண்ணாம்பு. அப்போ கிழங்கு எப்படி?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். ரசத்தில் நெய் விட்டால் மேலே மிதக்குமே, அதே மாதிரி தீவுக்குள் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி இருக்கும், இது ஏட்டுக் கணக்கு. அந்தத் தண்ணீரைத் தொடும்வரை குழி தோண்டி, அதில் பாபாய் நட்டு, சுற்றிலும் ஓலைக்கூடை மாதிரி பின்னி இலைதழையை உரமாகப் போடுகிறார்கள். உரத்தில் எந்த இலை என்பது குடும்ப ரகசியமாம், நம்ம வீட்டு சாம்பார் பொடி மாதிரி!

தனுஷ்கோடியில் கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்களே, அதுவும் இதே சூத்திரம்தான்.

இப்போது கடல் உயர்கிறது, பெரிய அலை குழிக்குள்ளேயே ஏறுகிறது. 2015 மார்ச்சில் பாம் புயல் பேயாட்டம் ஆடியது வனுவாட்டுவில், ஆனால் கிரிபாட்டியின் அண்டை நாடான துவாலுவில் புலாகா என்று அவர்கள் சொல்லும் இதே கிழங்குக் குழிகளில் உப்புநீர். ஒரு தடவை புகுந்தால் வருஷக்கணக்கில் அந்தக் குழி வீண். தீவு மூழ்கும் முன்பே சோறு போய்விடுகிறது, இதைத்தான் 'மூழ்கும் தீவு' தம்ப்நெயில்கள் சொல்வதில்லை. (என் தம்ப்நெயிலும் அப்படித்தான், மன்னியுங்கள்.)

அப்புறம் என்ன, கப்பலில் வரும் அரிசி, மைதா, சீனி. சர்க்கரை நோய் மிக அதிகமுள்ள நாடுகளில் கிரிபாட்டியும் ஒன்று.

சரி, தலைப்புக்கு வருவோம். 2014-இல் அதிபர் அனோட்டே டோங் அரசு ஃபிஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் வாங்கியது. எட்டு தாராவி! குடிபோகத்தான் என்று உலகமே எழுதியது, அரசு சொன்னதோ பயிர் செய்ய என்று. நிலமோ பெரும்பாலும் மேடும் காடும்.

தனுஷ்கோடி ஊற்றில் தண்ணீர் குடித்தவர்கள் கமெண்டில் வாருங்கள், இப்போதும் இனிக்கிறதா? இந்தக் கிழங்கை நான் போய் வறுக்கிறேன்.