யாரை யார் கேட்கிறார்கள்?

நண்பர்களே, ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவைச் சொன்னதும் பாடகர் மிக் ஜாகர்தான் ஞாபகத்துக்கு வருவார். மேடையில் அவர் ஓடுகிற ஓட்டத்தில் மற்றவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. இன்றைக்கு அவரைக் கொஞ்சம் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, பின்னால் வாசிப்பவர்களைக் கவனிப்போம்.

பெரும்பாலான ராக் குழுக்களில் காலப்பிரமாணம் டிரம்ஸ் கையில் இருக்கும். கிடார் அதைப் பிடித்துக்கொண்டு போகும். ஸ்டோன்ஸில் இது தலைகீழ். கீத் ரிச்சர்ட்ஸின் கிடார் முன்னால் போகும். 2021இல் மறைந்த டிரம்மர் சார்லி வாட்ஸ் அதைக் காதில் வாங்கித்தான் அடித்தார். அதனால் அடி மயிரிழை தாமதமாக விழுந்தது. கீழ் ஸ்தாயிக் கிடாரான பேஸை வாசித்த பில் வைமனோ கொஞ்சம் முந்திப் போகிறவர். நியாயமாகப் பார்த்தால் பாட்டு குலைந்துபோக வேண்டும். குலைவதில்லை, லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்காகத்தான் நான் இவர்களைக் கேட்கிறேன்.

ஒருவர் மற்றவருக்கு எப்படி இடம் விடுகிறார் என்பதும் முக்கியம். சார்லி ஜாஸ் பிரியர். ஸ்னேர் என்ற சின்ன மேளத்தை அடிக்கும் நொடியில், ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டிலிருந்து வலது கையை எடுத்துவிடுவார். அந்த ஒரு அடி தனியாக, சுத்தமாகக் கேட்கும். கீத் தன் கிடாரின் தடித்த ஆறாவது தந்தியையே கழற்றிவிட்டு, மீதி ஐந்தை, விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் 'ஓப்பன் ஜி' சுருதியில் வைத்துக்கொண்டார். கீழ் ஸ்தாயி பேஸுக்கு என்று காலியாகிவிட்டது. 1975இல் கிடாருக்கு ரான் வுட் வந்த பிறகு, இரண்டு கிடாரில் எது முன்னணி, எது பக்கவாத்தியம் என்று பிரிப்பதே சிரமம், நடுப்பாட்டில் மாற்றிக்கொள்வார்கள்.

சரி, 1969இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டை இப்போது போடச் சொல்கிறேன். தொடக்கத்தில் மாட்டுமணியைத் தட்டுபவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். டிரம்ஸ் உள்ளே வரும்போது மணியோடு சரியாக ஒட்டாது. பாட்டு முடியும்போது வேகம் தொடங்கியதைவிடக் கூடியிருக்கும். இன்றைய ஸ்டுடியோவில் என்றால் கணினியில் இழுத்து நேராக்கியிருப்பார்கள், நல்லவேளை, தப்பித்தது.

முதல் சரணத்தில் பேஸைத் தேடாதீர்கள், அது கிடையாது. பல்லவிக்கு வரும்போதுதான் உள்ளே நுழையும். அதுவரை வெறும் டிரம்ஸும் கிடாரும் எப்படித் தாங்குகின்றன என்று கேளுங்கள். தம்பி, கொஞ்சம் சத்தமாகவே வைப்பா.